கருவிக்குச் செல்லும் இரு வழிகள்

அலுவலர்களுக்கும் தொழில்நுட்ப மாணவர்களுக்குமான உரை

அரசு அலுவலகமாயினும், மருத்துவமனையாயினும், வங்கிக் கிளையாயினும் இன்று அதன் அன்றாடப் பணி வலையமைப்பின் துணையால் நடைபெறுகிறது. கோப்பைத் தேடுதல், சம்பளப் பட்டியல் தயாரித்தல், நோயாளியின் பெயரைப் பதிதல், ஓய்வூதியம் வழங்குதல் ஆகிய அனைத்தும் ரௌட்டர், சுவிட்ச் எனப்படும் சிறு பெட்டிகளின் வழியே செல்கின்றன. ஒழுங்காக இயங்கும்வரை இப்பெட்டிகளை எவரும் நினைப்பதில்லை. அவை நின்றுவிட்டால், வரிசையில் நிற்கும் பொதுமக்களும் உடன் நின்றுவிட வேண்டியதுதான். பழுது யாது என ஆராய்வதற்கு முன்னர், கருவிக்குள் சென்று பார்ப்பதற்கு ஒரு வழி திறந்திருத்தல் வேண்டும்.

அவ்வழி இரு வகைப்படும். கருவி இருக்கும் அறைக்கே சென்று, அதிலுள்ள கன்சோல் துளையில் கேபிளைச் செருகி, மடிக்கணிப்பொறியின் வாயிலாகக் கட்டளையிடுவது ஒன்று. இது நேரடி வழி. வேறோர் இடத்தில் அமர்ந்து, வலையமைப்பின் மூலமாகவே கருவியின் முகவரியை அடைந்து கட்டளையிடுவது மற்றொன்று, இது தொலைவழி. முதல் வழிக்கு ஆள் வேண்டும், அறைச் சாவி வேண்டும், பயணம் வேண்டும். இரண்டாவது வழிக்கு இவை வேண்டா. ஆனால், எந்த வலையமைப்பைச் சீர்செய்ய அது பயன்பட வேண்டுமோ, அந்த வலையமைப்பையே அது நம்பியிருக்கிறது. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று சாராமல் இருத்தல் வேண்டும். பழுது நேராத நாட்களிலேயே இரண்டும் சோதிக்கப்பட வேண்டும். இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

முலுண்ட் கண்ட இரு நாட்கள்

மும்பை மாநகராட்சியின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ளது முலுண்ட். மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில் அதற்கடுத்த நிலையம் தாணே. கிழக்கே கழிமுகத்தைக் கடக்கும் பாலம் அதனை நவி மும்பையைச் சேர்ந்த ஐரோலியுடன் இணைக்கிறது. மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளைப் போலவே இங்கும் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. தெற்கு மும்பையிலுள்ள சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து முலுண்ட் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தலைமை அலுவலகம் கோட்டைப் பகுதியிலும் கிளை அலுவலகம் முலுண்டிலும் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிளையிலுள்ள சுவிட்ச் ஒன்று பேச மறுத்தால், சாதாரண நாளில் பொறியாளர் ரயிலேறி மதியத்திற்குள் அதனைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிடுவார். எல்லா நாட்களும் சாதாரண நாட்களாக இருப்பதில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. புறநகர் ரயில்கள் நின்றன. சாலைகள் நீரில் மூழ்கின. அலுவலகம் சென்றோர் பலர் இரவு முழுவதும் அங்கேயே தங்கினர். வேறு பலர் பல மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தனர். அத்தகைய நாளில் நேரடி வழி அடைபட்டுப் போகிறது.

இரண்டாவது நாள் 2020 அக்டோபர் 12. அன்று திங்கட்கிழமை. காலை 10 மணியளவில் மும்பையின் பெரும்பகுதியிலும், தாணே, நவி மும்பை ஆகியவற்றின் பல பகுதிகளிலும் மின்சாரம் நின்றது. கல்வா மின்நிலையத்திற்கு மின்சாரம் கொண்டுவரும் 400 கிலோவோல்ட் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்ததே இதற்குக் காரணம். இத்தகைய வேளையில் மும்பையின் மின்வழங்கலைத் தனியே பிரித்துக் காப்பதற்கென இருந்த ஏற்பாடும் அன்று பயன் தரவில்லை. புறநகர் ரயில்கள் நடுவழியில் நின்றன. மின்சாரம் படிப்படியாகவே திரும்பியது.

அது கொள்ளைநோய்க் காலம் என்பதையும் கருத வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட புறநகர் ரயில்கள் ஜூன் 15 முதல் இன்றியமையாப் பணியாளர்களுக்காக மட்டுமே ஓடின. பொதுமக்களுக்கு அவை 2021 பிப்ரவரி 1 முதல்தான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில், திறக்கப்பட்டன. முலுண்டிலேயே பெரிய கோவிட் சிகிச்சை மையம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. பல்லாயிரம் ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணியாற்றினர். வலையமைப்புப் பொறியாளர்களும் அவர்களுள் அடங்குவர். ஆகவே, மின்சாரம் நின்ற அக்காலை வேளையில் இரு வழிகளும் ஒருங்கே இடருக்குள்ளாயின. கருவிக்கு நேரில் செல்லப் போக்குவரத்து இல்லை. தொலைவிலிருந்து செல்லக் கருவிக்கு மின்சாரம் இல்லை.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கண்காணிப்புத் திரையில் ஒரு கருவி மறைந்துவிட்டால், அது பழுதாயிற்றா, அதற்கு மின்சாரம் இல்லையா, அதற்குச் செல்லும் கம்பி அறுந்ததா என்பது தொலைவிலிருந்து பார்ப்போருக்குத் தெரிவதில்லை. மூன்றும் ஒரே மௌனமாகத் தோன்றும். அறைக்கு அருகில் உள்ள ஒருவர் விளக்கு எரிகிறதா என ஒரே பார்வையில் கூறிவிடலாம். அவர் பொறியாளராக இருக்க வேண்டிய தேவையில்லை. எந்த விளக்கைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டிருந்தால் போதும்.

மின்சாரம் திரும்பிய பின்னரும் தொல்லை தீர்வதில்லை. பல கருவிகளில் நடப்பு அமைப்பு, சேமித்த அமைப்பு என இரு பதிவுகள் உண்டு. இடப்படும் கட்டளை நடப்பு அமைப்பில் உடனே செயற்படும். சேமிக்க மறந்தால் மின்சாரம் நின்றவுடன் அது அழிந்துவிடும். ஈராண்டுகள் இடைவிடாது ஓடிய சுவிட்ச் ஒன்று, மின்தடைக்குப் பின் தன் நிர்வாக முகவரியையே மறந்து எழுவதற்குக் காரணம் இதுவே. அதன் வழியே பயனாளர்களின் பணி நடைபெறலாம். ஆனால் பொறியாளருக்கு மட்டும் கதவு மூடியிருக்கும்.

நேரடி வழியின் பழுதுகள்

நேரில் சென்றுவிட்டால் எல்லாம் எளிது என்று எண்ணுவது பொருந்தாது. கன்சோல் வழியும் பல காரணங்களால் தடைப்படும். அவற்றை வரிசையாக நோக்குவது நலம்.

திரையில் எதுவுமே தோன்றவில்லையெனில், முதலில் கருவிக்கு மின்சாரம் உள்ளதா எனவும், பின்னர் கேபிள் சரியானதா எனவும் பார்க்க வேண்டும். கன்சோல் துளையும் வலையமைப்புத் துளையும் பல கருவிகளில் ஒரே வடிவில் இருப்பதால், சாதாரண வலையமைப்புக் கேபிளைச் செருகிவிட்டுக் காத்திருப்போர் உண்டு. கன்சோல் கேபிளின் உட்கம்பி வரிசை வேறு. உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் அது மாறுவதும் உண்டு. இக்கால மடிக்கணிப்பொறிகளில் பழைய தொடர்முறைத் துளை இல்லாமையால் யு.எஸ்.பி. மாற்றி ஒன்று தேவைப்படுகிறது. அதற்குரிய இயக்கு மென்பொருள் முன்னரே நிறுவப்பட்டிருக்க வேண்டும். வலையமைப்பு நின்றுபோன இடத்தில் நின்றுகொண்டு அம்மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க முயல்வது இயலாத செயல்.

திரையில் பொருளற்ற குறிகள் தோன்றினால் வேகம் பொருந்தவில்லை என்பது தெளிவு. பெரும்பாலான கருவிகளுக்கு வினாடிக்கு 9600 பிட் வேகம், 8 தரவு பிட், பாரிட்டி இன்மை, 1 நிறுத்த பிட் என்பதே வழக்கம். சில கருவிகள் 115200 வேகத்தில் பேசும். எழுத்துக்கள் சரியாகத் தெரிந்தும் விசைகள் ஏற்கப்படவில்லையெனில், ஃப்ளோ கன்ட்ரோல் எனப்படும் ஓட்டக் கட்டுப்பாட்டை நீக்கிப் பார்க்க வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்து, கடவுச்சொல் மட்டும் எவருக்கும் தெரியாத நிலையும் ஏற்படுகிறது. முன்பிருந்த அலுவலர் மாறிச் சென்றிருப்பார். பதிவேட்டில் குறிப்பு இராது. அப்போது கருவியை மறுபடி இயக்கி, தொடக்க நிலையிலேயே இடைமறித்து, சேமித்த அமைப்பைப் படிக்காமல் எழச் செய்து, புதிய கடவுச்சொல்லை அமைக்கும் முறை பல கருவிகளில் உண்டு. இதனைக் கருவியின் அருகிலிருந்தே செய்ய இயலும். ஆகையால், கருவி இருக்கும் அறையின் பூட்டு அக்கருவியின் பாதுகாப்பில் ஒரு பகுதியாகும்.

தொலைவழி தரும் மூன்று விடைகள்

தொலைவழி தடைப்படும்போது கணிப்பொறி தரும் விடையைக் கூர்ந்து படித்தால், பழுது எங்கிருக்கிறது என்பது பெரும்பாலும் புலப்படும். விடைகள் மூன்று.

முதலாவது, நெடுநேரம் காத்திருந்தும் பதில் இல்லை என்பது. அனுப்பிய செய்தி கருவியை அடையவில்லை, அல்லது கருவியின் பதில் திரும்பி வரவில்லை, அல்லது நடுவே ஏதோவொரு தடுப்பு அதனை ஓசையின்றி விழுங்கிவிட்டது. இங்கு ஆராய வேண்டியது பாதையை. கருவியின் ஐ.பி. முகவரியும் உபவலை அளவும் சரியா, அதன் நிர்வாக வி-லேன் இணைப்பு வழிகளில் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. முலுண்ட் கிளைக்குள்ளேயே இருக்கும் கணிப்பொறியிலிருந்து சுவிட்சை அடைய முடிகிறது, கோட்டையிலிருந்து முடியவில்லை என்றால், அந்தச் சுவிட்சுக்கு வெளிவாயில் முகவரி கொடுக்கப்படவில்லை என்று ஐயுறலாம். செய்தி சென்று சேர்கிறது. பதிலை எவ்வழியே அனுப்புவது எனச் சுவிட்சுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, இணைப்பு மறுக்கப்பட்டது என்ற உடனடி விடை. பொதுவாக இதனை ஒரு நற்செய்தியாகவே கொள்ளலாம். பாதை சரியாக உள்ளது. முகவரியில் ஒருவர் இருக்கிறார். கேட்கப்பட்ட சேவை மட்டும் அங்கே திறக்கப்படவில்லை. எஸ்.எஸ்.எச். 22ஆம் துறையையும், டெல்நெட் 23ஆம் துறையையும் பயன்படுத்துகின்றன. கருவியில் எஸ்.எஸ்.எச். இயக்கப்படாமலோ அதற்குரிய சாவி உருவாக்கப்படாமலோ இருக்கலாம். உள்நுழைவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், முன்னர் நுழைந்தவர்கள் வெளியேறாமல் விட்டுச் சென்ற அமர்வுகளே எல்லா இடங்களையும் நிரப்பியிருக்கவும் கூடும். வேலையற்ற அமர்வு சில நிமிடங்களில் தானே முடியுமாறு அமைப்பது இதற்குத் தீர்வு. பழைய கருவியின் மறைகுறி முறைகளைப் புதிய மென்பொருள் ஏற்க மறுப்பதும் உண்டு. அப்போது விடை சற்று வேறுபடும்.

மூன்றாவது, கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்பது. இங்குப் பாதையும் சேவையும் நன்றாக உள்ளன. ஆராய வேண்டியது அடையாளத்தை. பெரிய அமைப்புகளில் கடவுச்சொல்லைச் சரிபார்க்க ரேடியஸ் அல்லது டாகாக்ஸ் முறையில் இயங்கும் மையச் சேவையகம் ஒன்று இருக்கும். அது எட்டாதபோது பயன்படுத்துவதற்கெனக் கருவியிலேயே ஓர் உள்ளூர்க் கணக்கும் வைக்கப்படும். இதில் பலரும் கவனியாத ஒரு விதி உண்டு. வழக்கமான அமைப்பில், சேவையகம் பதிலே தராதபோதுதான் உள்ளூர்க் கணக்கு நோக்கப்படும். சேவையகம் பதில் தந்து மறுத்துவிட்டால், உள்ளூர்க் கணக்கு எத்துணைச் சரியானதாயினும் பயன்படாது.

பாதை, சேவை, அடையாளம் என்ற இம்மூன்றையும் இவ்வரிசையிலேயே ஆராய்வோர் வீணாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உலகம் பெற்ற அனுபவம்

இத்தொல்லை சிறு அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குச் சற்றுப் பின்னர், ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் நின்றன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை மென்பொருளிலும் பிழை இருந்தது. வழக்கமான தொலைவழி அடைபட்டது. அவசரத்திற்கென வைத்திருந்த தனி வழியும் கிட்டவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. அன்னியர் எளிதில் நுழையாதவாறு அமைக்கப்பட்ட அந்த மையங்களில், உரியவர்கள் நுழைந்து கருவிகளைத் தொடுவதற்கே நேரம் பிடித்தது. சேவை திரும்ப ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு செயலிழந்தது. 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கருவிகளை நிர்வகிக்கும் வலையமைப்பு, பழுதான அதே மைய வலையமைப்பைச் சார்ந்திருந்தது. ஊழியர்களின் தொலைபேசிகளும் அதே நிறுவனத்தினுடையவை. எனவே, பழுதுபார்ப்போர் ஒருவரோடொருவர் பேசவும் இடர்ப்பட்டனர். மூலகாரணத்தைக் கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் சென்றது.

இவ்விரு நிறுவனங்களிலும் திறமைக்கோ பணத்திற்கோ குறைவில்லை. அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டிவிடக்கூடிய வகையில் வழிகள் அமைந்திருந்தமையே குறை.

தனி வழியும் அதன் எல்லையும்

இக்குறையை நீக்கத் தனி வழி ஒன்று அமைக்கப்படுகிறது. கிளையிலுள்ள கருவிகளின் கன்சோல் துளைகள் யாவும் ஒரு கன்சோல் சேவையகத்தில் இணைக்கப்படுகின்றன. அச்சேவையகம், கிளையின் வழக்கமான இணைப்பைச் சாராமல், செல்பேசி வலையமைப்பின் மூலம் வெளியுலகோடு தொடர்பு கொள்கிறது. இதனால் நேரடி வழியையே தொலைவிலிருந்து பயன்படுத்தும் வாய்ப்புக் கிட்டுகிறது.

எனினும், தனி வழி உண்மையில் தனியானதா என்பதை ஆராய வேண்டும். முதன்மை இணைப்பும் செல்பேசி இணைப்பும் ஒரே நிறுவனத்தினுடையவை எனில் பயன் குறைவு. இரண்டும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இயங்கினால், மின்கலம் தீர்ந்தவுடன் இரண்டும் சேர்ந்தே நிற்கும். செல்பேசிக் கோபுரத்திற்கும் மின்சாரம் வேண்டும். 2020 அக்டோபரில் நேர்ந்தது போன்ற நீண்ட மின்தடை, இக்கணக்குகளையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்க்க வற்புறுத்துகிறது.

தொலைவிலிருந்து மாற்றம் செய்யும்போது கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றும் உண்டு. மாற்றத்தைத் தொடங்குமுன், பத்து நிமிடங்களுக்குள் உறுதி செய்யாவிடில் கருவி தானே பழைய நிலைக்குத் திரும்புமாறு கட்டளையிட்டு வைக்கலாம். புதிய கட்டளையால் பொறியாளரின் இணைப்பே அறுந்துவிட்டாலும், பத்து நிமிடம் பொறுத்திருந்தால் கதவு மீண்டும் திறக்கும். செலவில்லாத இக்காப்பு முறை பல பயணங்களைத் தவிர்க்கும்.

திறந்த கதவும் பாதுகாப்பும்

பொறியாளர் நுழையும் கதவு வழியே பகைவரும் நுழையலாம். டெல்நெட் முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கம்பியில் செல்கிறது, எஸ்.எஸ்.எச். முறையில் அது மறைகுறியாக மாற்றப்படுகிறது. 1995இல் பின்லாந்தில் உருவான இம்முறை பரவிய பின்னரும், டெல்நெட்டைத் திறந்து வைத்திருப்பதற்குத் தக்க காரணம் இல்லை. 2020 மின்தடையின் பின்னர் இக்கேள்வி பொதுமக்கள் மன்றத்திற்கும் வந்தது. 2021 மார்ச்சில் மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் கணிப்பொறி வழிச் சதி பற்றிய ஐயத்தை வெளியிட்டார். மத்திய மின்துறை அமைச்சரோ, மின்தடைக்கு மனிதத் தவறே காரணம் எனக் கூறினார். இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பதற்கு, யார், எப்போது, எவ்வழியே நுழைந்தார் என்ற பதிவு இருத்தல் வேண்டும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல், பதிவுகளை 180 நாட்கள் காத்தல், கருவிகளின் கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர மையங்களோடு ஒத்திசைத்தல் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. கடிகாரம் தவறான கருவியின் பதிவு, நாள் இடப்படாத கடிதத்தைப் போன்றது.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு கருவியின் இருப்பிடம், நிர்வாக முகவரி, கன்சோல் வேகம், அறைச் சாவியை வைத்திருப்பவரின் பதவி ஆகியவை அடங்கிய பதிவேடு ஒன்று வேண்டும். அதன் அச்சுப் படி ஒன்றும் இருத்தல் நலம். வலையமைப்பில் மட்டுமே உள்ள பதிவேடு, வலையமைப்பு நின்ற அன்று பயன் தராது. இரண்டாவதாக, உள்ளூர்க் கணக்கின் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பொறுப்பான அலுவலரிடம் வைத்து, பயன்படுத்தியவுடன் மாற்ற வேண்டும். மூன்றாவதாக, சரியான கன்சோல் கேபிளும் மாற்றியும் கருவியின் அருகிலேயே இருக்க வேண்டும். நான்காவதாக, கிளை அலுவலகத்தில் ஒருவருக்கேனும் விளக்குகளைப் படிக்கவும், கேபிளைச் செருகவும், தொலைபேசியில் சொல்லக் கேட்டு நடக்கவும் பயிற்சி தர வேண்டும். ஐந்தாவதாக, குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு நாள், முதன்மை இணைப்பு இல்லையெனக் கொண்டு, மற்ற வழியில் கருவியை அடைய முடிகிறதா எனச் சோதிக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை, ஒழுங்குதான் தேவை. 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம் ஒளியிழையைக் கிராமப் பஞ்சாயத்துகள் வரை கொண்டு செல்கிறது. முலுண்டிற்கு ஒரு மணி நேரத்தில் செல்லும் பொறியாளர், மலையடிவாரக் கிராமம் ஒன்றிற்குச் செல்ல ஒரு நாள் பிடிக்கலாம். தொலைவு கூடும்தோறும் இரண்டாவது வழியின் இன்றியமையாமையும் கூடுகிறது. அக்கிராமத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் விளக்கைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் இருப்பாரேயானால், அங்கு ஓய்வூதியத்திற்காகக் காத்திருக்கும் முதியவர் மறுநாளும் வர நேராது.